நடக்க முதல் சொன்னது

ஒவ்வோர் ஆவணிக் கடைசியிலும் நான் இருபது கதிரை போடுவேன். அதில் ஒன்றில் ஆள் இருக்கும். மற்றப் பத்தொன்பதையும் திரும்ப மடித்து அடுக்குவதும் நான்தான். மொன்ட்ரியால் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பிரிவில் எனக்குப் பத்திரிகைத் தொடர்பு வேலை. பருவம் தொடங்க முதல் பயிற்சியாளர்களையும் விளையாடுகிற பிள்ளைகளையும் மேசைக்குப் பின்னால் வரிசையாக இருத்தி, பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு, கோப்பியும் மஃபினும் வைத்து நடத்துகிற கூட்டம். நான் வேலைக்கு வந்த புதிதில் தொலைக்காட்சிக் கமராவே இரண்டு மூன்று நிற்கும். இப்போது பயிற்சியாளர்கள் தாங்களே கைபேசியில் பேசித் தாங்களே போட்டுவிடுகிறார்கள். பிறகு எதற்கு இந்தக் கண்டறியாத கூட்டம் என்று நான் வருடா வருடம் முணுமுணுப்பேன். வருடா வருடம் முன் வரிசையில் அண்ணை வந்து இருப்பார்.

அண்ணைக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அவர் எழுதுகிற பத்தியின் கீழே அதை அவர் ஒருநாளும் போட்டதில்லை, நானும் போடவில்லை. மொன்ட்ரியால்-நோரில் தமிழ்க் கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கிற இலவசப் பத்திரிகையில், கடைசிக்கு முதல் பக்கம் அவருடையது. சாப்பாட்டுக்கு ஒரு ஹோட்டல் குசினியில் விடியப்புற வேலை. வேலை முடிந்த கையோடு வருவார். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு, காலில் வழுக்காத குசினிச் சப்பாத்து. மஃபினைத் தொடமாட்டார்.

"உது நேற்றையான், தம்பி. எனக்குச் சொல்லவேண்டாம்" என்பார். நேற்றையான்தான். நான்தான் முதல்நாளே வாங்கி வைப்பேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி ஒன்று வைத்திருப்பார். யார் பிரெஞ்சில் பேசினாலும் ஆங்கிலத்தில் பேசினாலும் அதில் தமிழில்தான் இறங்கும். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் போய், எழுதினதைத் தன் குசினிப் பிரெஞ்சில் திரும்பச் சொல்லிக் காட்டுவார். சொல்லிவிட்டு ஒரே கேள்வி கேட்பார். மாத்தவேணுமோ? மாற்றலாம், அவருக்கு அதில் ஒரு குறையுமில்லை. அந்த இடத்திலேயே வெட்டித் திருத்துவார். ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கார்த்திகையில், பருவம் முடிகிற கிழமையில், அதே கொப்பியோடு வந்து நிற்பார். "ஆவணியிலை இப்பிடிச் சொன்னனீங்கள்" என்று வாசிப்பார். சண்டைக்கு இல்லை. வாசிப்பார், கேட்பார், போய்விடுவார். பயிற்சியாளர்களில் இரண்டு பேர் அவரைக் கண்டால் கழிவறைப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

"அண்ணை, இதுகள் ஒரு பேச்சே? நல்ல குழு, நல்லா உழைச்சிருக்கினம், ஒவ்வொரு ஆட்டமாப் பாப்பம். வருசா வருசம் இதைத்தானே சொல்லினம். இதையும் மினக்கெட்டு எழுதுறியள்" என்று ஒருமுறை அலுத்துக்கொண்டேன்.

"தம்பி, வெண்ட பிறகு கதைக்கிறது வெற்றி. தோத்த பிறகு கதைக்கிறது சாட்டு. ஒண்டும் நடக்க முதல்தான் மனிசன் கதைக்கிறான்" என்றார். "அதுக்கு இந்தக் கூட்டத்தை விட்டால் வேறை எங்கை இடம்?"

விசர் மனுசன் என்று நினைத்தேன். நினைத்ததை ஒளிக்கப் போவதில்லை.

இந்தக் குணம் விளையாட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெடியனின் கலியாண வீட்டில், தாலி கட்ட அரை மணித்தியாலம் இருக்க, மாப்பிள்ளை அறைக்குள் கொப்பியோடு போய்விட்டார். "இனி என்ன செய்யப்போறீர்? இப்ப சொல்லும், பேந்து எல்லாரும் சொல்லுவினம்." பெடியன் வெருண்டுபோய், காலமைத் தேத்தண்ணி தானே போடுவேன் என்று சொல்லியிருக்கிறான். மூன்று வருடம் கழித்து அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை அவர்கள் வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்தது மனைவி. "தேத்தண்ணி ஆர் போட்டது?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அந்தப் பெடியன் இன்றைக்கும் அவரை ஏசுவான், ஆனால் தேத்தண்ணி அவன்தான் போடுகிறான்.

என்னையும் விடவில்லை. ஒவ்வோர் ஆவணியும் கதிரைகளை மடிக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார். "தம்பி, நீர் சொல்லும். இந்த வருசம் இந்த வேலையிலை என்ன செய்யப்போறீர்?"

"சும்மா விடுங்கோ அண்ணை. கதிரை போடுவன், கதிரை எடுப்பன்."

"அதை எழுதட்டோ?"

"ஐயோ, வேண்டாம்."

பதினொரு வருடமும் நான் நழுவினேன். அவருடைய கொப்பியில் என் வாயால் சொன்ன ஒரு சொல்லும் இல்லை. அதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

போன ஆவணிக்கு வருகிறேன். கூட்டத்துக்கு முதல்நாள் பத்திரிகைக்காரர் கேட்கப்போகிற கேள்விகளை வாங்கி, பயிற்சியாளர்களுக்கு முன்கூட்டியே கொடுப்பது எங்கள் வழக்கம். யாரும் திடுக்கிடக்கூடாதாம். அந்த முறை ஒரே ஒரு கேள்விதான் வந்தது, அண்ணையிடமிருந்து. பெண்கள் உதைபந்தாட்டக் குழுவின் கோல் காப்பாளர் மிரெய்க்கு ஆடியில் முழங்கால் நார் அறுந்துபோனது, இந்த வருடம் விளையாட ஏலாது, அவளுடைய இடம் அவளுக்கு இருக்குமோ? இவ்வளவுதான் கேள்வி. அதைக் கொண்டுபோய்ப் பயிற்சியாளரிடம் கொடுக்க நான் இரண்டு மாடி இறங்கவேண்டும். எனக்கு அலுப்பு. கடுதாசி என் சேட்டுப் பையிலேயே கிடந்தது.

மிரெய் வளர்ந்ததும் அண்ணை இருக்கிற கட்டடத்தில்தான், மூன்றாம் மாடியில். தாய் தகப்பன் ஹெயிட்டியிலிருந்து வந்தவர்கள். தகப்பன் இப்போது இல்லை, தாயும் நாலு பிள்ளைகளும். பன்னிரண்டு வயதில் பின் சந்துச் சுவரில் பந்தடித்து அண்ணையின் பகல் நித்திரையைக் கெடுத்தவள். அவர் ஏசப் போகவில்லை, கொப்பியோடு இறங்கிப் போனார். பல்கலைக்கழகத்தில் கோல் காப்பேன் என்று அவள் சொன்னதை எழுதி, திரும்பச் சொல்லிக் காட்டி, மாத்தவேணுமோ என்றும் கேட்டிருக்கிறார். சொன்னபடியே அவள் வந்தாள். குழுவில் இடம் இருந்தால் உதவிப்பணம் இருக்கும், உதவிப்பணம் இருந்தால் படிப்பு இருக்கும். இடம் போனால் எல்லாம் போகும். அது எங்கள் பிரிவில் எல்லாருக்கும் தெரியும்.

கூட்டத்தன்று மழை. மாணவர் பத்திரிகையிலிருந்து ஒரு பிள்ளை வந்து, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேசைக்கு இந்தப் பக்கம் மிச்சம் அண்ணையும் பின்னால் நிற்கிற நானும். அண்ணை எழும்பிக் கேள்வியைக் கேட்டார். பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஆயத்தமாக வராத மனுசன் முன்னால் கிடந்த கடுதாசிகளைப் புரட்டினார். பிறகு, மேசையின் ஓரத்தில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டிருந்த மிரெய்யைத் திரும்பிப் பார்த்தார். "அவள் நடந்தாலும் சரி, ஓடினாலும் சரி, இந்த வருடமும் அடுத்த வருடமும் அவளுடைய இடம் அவளுக்குத்தான். நான் இருக்கும்வரைக்கும் உடுப்பு மாற்றுகிற அறையில் அவளுடைய அலுமாரியை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன்" என்றார்.

நல்ல மனுசன். அந்த நிமிடம் அவர் மனதிலிருந்துதான் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மிரெய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அந்த மேசையிலிருந்து ஒரு மனுசப் பேச்சு வந்திருந்தது. அண்ணை திரும்பச் சொல்லிக் காட்டி, மாத்தவேணுமோ என்று கேட்டார். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டு, வேண்டாம் என்றார்.

மார்கழியில் வேறு ஊரிலிருந்து ஒரு கெட்டிக்காரி வரச் சம்மதித்தாள், அவளும் கோல் காப்பாளர். மிரெய்யின் பெயர் பட்டியலிலிருந்து போனது.

அண்ணை கார்த்திகையில் வழமைபோல வந்து வாசித்துவிட்டுப் போயிருந்தார். மார்கழியில் திரும்ப வந்தார். பயிற்சியாளரோ, "பார்ப்போம் என்றுதான் சொன்னேன்" என்றாராம். கூட்டத்தை முழுக்கப் பதிந்து வைக்கிற வழக்கம் எங்களிடம் எப்போதோ போய்விட்டது. ஒரு நிமிடத் துண்டு போடுவோம், அதில் எல்லாரும் சிரிப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் பிரிவின் இயக்குநர் நடைபாதையில் என்னை மறித்து, மெல்லிய குரலில் கேட்டார். "அன்றைக்கு என்ன சொன்னார் என்று உனக்கு அவ்வளவாக ஞாபகம் இருக்காதே?" என்னுடையது வருடா வருடம் சித்திரையில் புதுப்பிக்கிற வேலை. "அவ்வளவாக இல்லை" என்றேன்.

அன்று பின்னேரமே அண்ணை என் மேசைக்கு வந்தார். "நீர் இருந்தனீர்தானே, தம்பி?"

"கன சனம் கதைச்சது அண்ணை. எனக்கு வடிவா ஞாபகமில்லை."

"கன சனமோ?" என்றார். "அண்டைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது நீரும் நானுமெல்லே."

குழுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். அவர்களுக்கும் அவரவர் இடம் இருக்கிறது, ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவர்களில் நான் குறை பிடிக்க ஏலாது. இருபது வயதுப் பிள்ளைகள் அவர்கள், நான் ஐம்பது தாண்டினவன்.

மிரெய் கொடுத்த முறைப்பாட்டை விசாரிக்க மாசியில் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் கூடினார்கள். அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கொப்பி. கொப்பி தமிழில் இருந்தது. அந்தக் கட்டடத்திலேயே தமிழ் வாசிக்கத் தெரிந்த வேலையாள் நான் ஒருவன்தான், ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்கள் இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும், தமிழில் எழுதினதை வாசிக்க அங்கே என்னை விட்டால் ஆளில்லை. அண்ணை தானே எழும்பிவந்து, பக்கத்தை எடுத்து என் கையில் தந்தார். "தம்பி வாசிப்பார்" என்று தன் பிரெஞ்சில் அந்த மூன்று பேருக்கும் சொன்னார். மார்கழியில் நான் சொன்னதற்குப் பிறகும் அப்படிச் சொன்னார்.

நான் வாசித்தேன். "ஆவணிக் கடைசி. மழை. கோப்பி ஆறிப்போச்சு" என்று தொடங்கியிருந்தார். பயிற்சியாளர் சொன்னதெல்லாம் ஒரு சொல் பிசகாமல் இருந்தது, நானும் பிசகாமல் பிரெஞ்சில் சொன்னேன். "பிள்ளையள் கைதட்டினவை" என்பதையும் சொன்னேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

"பின்னுக்கு நிண்ட தம்பியும் கைதட்டினவர்."

நான் கொப்பியை மூடினேன். ஒரு வரி குறைந்ததைப் பிடிக்கிற அளவுக்கு அண்ணைக்குப் பிரெஞ்சு விளங்கும். எழும்பினார். "இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார். தலைமை தாங்கின பெண் என்னைப் பார்த்து, இருக்கிறதா என்று கேட்டார்.

"கோப்பி ஆறிப்போனதைப் பற்றி எழுதியிருக்கிறார்" என்றேன்.

அண்ணை என்னைக் காட்டி, "இவரும், இவரும்" என்று பிரெஞ்சில் சொன்னார். அதற்கு மேல் அவருக்குச் சொல் வரவில்லை. முப்பது வருடக் குசினியில் சட்டி, கத்தி, சுறுக்கு, பின்னாலை நிற்கிறேன் என்பதற்கெல்லாம் சொல் இருந்தது, இதற்கு இல்லை. வாக்குவாதம் வேண்டாம், இருங்கள் என்றார்கள். அயல்வீட்டுக்காரர் எழுதின கொப்பி மட்டும் போதாது, பிரிவைச் சேர்ந்த ஒருவர் கேட்டதாகச் சொன்னால் பார்க்கலாம் என்று முடிவு வந்தது. புதுச் சாட்சி கிடைத்தால் புரட்டாதி வகுப்புத் தொடங்க முதல் திரும்ப விசாரிக்கலாம் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி. அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்ததும் நான்தான். மிரெய் வகுப்பை நிறுத்திவிட்டு, மொன்ட்ரியால்-நோரிலேயே ஒரு கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளை பார்க்கப் போனாள்.

அன்று விசாரணை முடிந்து அண்ணையும் நானும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். மெத்ரோ நிலையப் படியில் கொப்பியைக் கேட்டு வாங்கினார். "தாங்கோ" என்றார். பதினொரு வருடமாக என்னை 'நீர்' என்று கூப்பிட்ட மனுசன் அன்றைக்குத்தான் மரியாதை தந்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சித்திரையில் என் வேலையைப் புதுப்பித்தார்கள். நித்திரை வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் சொன்னால் பொய். எல்லாம் வந்தது, எல்லாம் இறங்கியது. களைப்பு மட்டும் போகவில்லை.

இந்த ஆவணிக் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பினேன், அண்ணையிடமிருந்து பதில் வரவில்லை. போன திங்கட்கிழமை இயக்குநரின் மின்னஞ்சல் வந்தது. பருவத்துக்கு முந்திய பத்திரிகைக் கூட்டத்தால் ஏதும் பிரயோசனம் உண்டா, நிறுத்திவிடலாமா, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பக்கத்தில் எழுதித் தா. எனக்கென்ன, ஒரு பிரயோசனமும் இல்லை என்று எழுதினால் கதிரை தூக்குகிற ஆக்கினையும் ஒழிந்தது. எழுதத்தான் இருந்தேன். 'பிரயோசனம்' என்று தலைப்புப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன். போன வருடக் கூட்டத்தில் பயிற்சியாளர் மிரெய் பற்றி இப்படிச் சொன்னார். அது நடந்த இடத்தில் நான் நின்றேன், கேட்டேன், கைதட்டினேன். மாசியில் கொப்பியின் கடைசி வரியை வேண்டுமென்றே வாசிக்காமல் விட்டேன். கூட்டத்தின் பிரயோசனம் இதுதான். கீழே கையெழுத்து வைத்தேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் நேற்றுப் பின்னேரம் நடந்ததைச் சொல்லிவிடவேண்டும்.

வேலை முடிந்து மெத்ரோவும் பஸ்ஸும் பிடித்து மொன்ட்ரியால்-நோருக்குப் போனேன். அண்ணை கதவைத் திறந்தார். வைகாசியோடு ஹோட்டல் வேலையை விட்டுவிட்டாராம், ஆள் கொஞ்சம் வற்றிப்போயிருந்தார். "வாங்கோ" என்றார். தேத்தண்ணி தந்தார். நான் பக்கத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிரெஞ்சை ஒவ்வொரு சொல்லாக வாயசைத்து வாசித்தார். நான் சுவரில் கிடந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வடிவாத்தான் எழுதியிருக்கிறியள்" என்றார். பக்கத்தை மேசையில் வைத்தார். "ஆனா இது நடந்து முடிஞ்ச கதை. மாசியிலை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருசம் போயிராது."

"ஓம் அண்ணை."

"என்னட்டைக் காட்டினால் மனம் ஆறும் எண்டு வந்தனீங்களோ?"

அதற்குத்தான் போயிருந்தேன். "பிழை விட்டிட்டன் அண்ணை" என்றேன். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. மேல் மாடியில் யாரோ பிள்ளை ஓடுகிற சத்தம் கேட்டது, மிரெய்யின் தம்பியாக இருக்கவேண்டும்.

சத்தம் ஓய்ந்த பிறகு அண்ணை எழும்பிப்போய், குளிர்பெட்டிக்கு மேலே கிடந்த கொப்பியை எடுத்துவந்து மேசையில் விரித்தார். பேனையின் மூடியைக் கழற்றினார்.

"தம்பி, இனி என்ன செய்யப்போறீர்? அதைச் சொல்லும்."

"வெள்ளிக்கிழமை காலமை பத்து மணிக்கு இதை இயக்குநரின்ரை கையிலை குடுப்பன். ஒரு பிரதி விசாரிச்ச ஆக்களுக்கு. ஒரு பிரதி இண்டைக்கே, இப்பவே, மேலை போய் மிரெய்யிட்டைக் குடுப்பன். திரும்ப விசாரிச்சால் வந்து இருந்து சொல்லுவன்."

"வேலை போனால்?"

"போனால் போகட்டும் எண்டு சொல்ல எனக்குத் துணிவில்லை அண்ணை. பயமாத்தான் கிடக்கு. ஆனா குடுப்பன்."

அவசரப்படாமல் எழுதினார். எழுதி முடிந்ததும் முதல் சொல்லிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை, பத்து மணி, மிரெய், பயம், எல்லாம் இருந்தன. நான் சொல்லாத ஒரு வரியும் கடைசியில் இருந்தது.

"சொல்லேக்கை தம்பியின்ரை கை நடுங்கினது."

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "மாத்தவேணுமோ?"

"வேண்டாம் அண்ணை. அந்த வரியும் இருக்கட்டும்" என்றேன்.